ஆகஸ்ட் திறக்கும் நாள்

காலைச் செய்தியின் கடைசியில், கடல் நீரோட்ட நிலவரத்தைச் சொல்லி முடித்த பிறகு, இன்று 2019 ஆகஸ்ட் திறக்கும் என்று அறிவித்தார்கள். தூத்துக்குடிக் கடலடிக் குடியிருப்பில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வாரம் ஜூலை திறந்தது. சில விவாகரத்துகள், ஒரு கைகலப்பு, அவ்வளவுதான்.

ஷெர்லின் மட்டும் தோசைக்கரண்டியை வைத்துவிட்டுப் போய்ச் சுவர்த்திரையை அணைத்தாள்.

அந்தக் காலத்தில் கைபேசிச் செய்திகள் பூட்டப்பட்டே பயணம் செய்தன. பூட்டு என்பது ஒரு கணக்கு. போடுவது எளிது; விடையிலிருந்து பின்னோக்கிப் போய்ச் சாவியைக் கண்டுபிடிக்கச் சாதாரணக் கணினிக்கு ஒரு யுகம் போதாது. ஆனாலும் சிலர் பூட்டிய செய்திகளை வழியில் பிடித்து அப்படியே சேமித்து வைத்தார்கள். இன்று திறக்காவிட்டால் என்ன, என்றாவது திறக்குமே. குவாண்டம் கணினி வந்தது. அது சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதில்லை. கணக்குக்குள் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைப் பிடித்து, அதிலிருந்தே சாவியைச் செய்துவிடும். சேமிப்புகள் அரசின் கைக்கு வந்தன. வரலாறு எல்லோருக்கும் பொது என்று சட்டம் போட்டு, வாரம் ஒரு மாதமாகத் திறந்துவிட்டார்கள். பெயரைச் சொன்னால் சுவரில் எழுத்து வரும்.

அந்த ஆகஸ்டில் ஷெர்லின் புது மருமகள். கணவனின் அக்கா ஜெசிந்தாவுக்கு வரன் அமைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இவர்கள் குடியிருந்த வீட்டையே சீதனமாகக் கேட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஷெர்லின் ஒரு பொய்யை அனுப்பினாள்: பெண்ணுக்கு வலிப்பு உண்டு. கல்யாணம் நின்றது. ஜெசிந்தா பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டைக் கடல் கொண்டுபோனபோது, அவளும் இவர்களோடு இங்கே வந்துவிட்டாள்.

"மதினி, இன்னிக்குச் சுவரு வேல செய்யாது. அணைச்சுட்டேன்." ஷெர்லின் ஜெசிந்தாவின் தட்டில் தோசையைப் போட்டாள்.

"எதுக்குட்டி?"

"ஒங்க கண்ணு கெட்டுப்போவும்லா."

ஜெசிந்தா தோசையைப் பிய்த்தாள். "ஆகஸ்டு தொறக்குதுன்னு பயமாக்கும். வலிப்புன்னு போட்டியே, அதானே?"

ஷெர்லின் அடுப்பை அணைத்தாள்.

"அந்தம்மா அன்னிக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இது நெசமான்னு எனக்கு அனுப்பிட்டாவ. எனக்கு மட்டுமா? அவுக குடும்பக் குரூப்பு, நம்ம குடும்பக் குரூப்பு..."

பூட்டு வழியில்தான் இருந்தது. போய்ச் சேர்ந்த கைக்குப் பூட்டு கிடையாது.

"நம்ம குரூப்புல நான் பாக்கலியே மதினி."

"ஒன்னய விட்டுட்டு வேறொண்ணு தொடங்குனோம். இப்பவும் இருக்கு."

"எங்க வீட்டுக்காரவுகளுக்கும் தெரியுமா?"

"தம்பிதான் அட்மின்."

ஷெர்லின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"மொத ரெண்டு வருஷம் ஒன்னக் கொல்லணும்போல இருந்துச்சு. பொறவு பாத்தேன். கேட்டா ஒரு நாள் சண்ட. கேக்காம விட்டா மீன்ல நடுத்துண்டு என்னைக்கும் எனக்குல்லா வருது."

ஷெர்லின் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அப்படியே இரு, அசையாத." ஜெசிந்தா மணிக்கட்டுக் கருவியை உயர்த்தினாள். "ஒரு படம் எடுத்துக்கிடுதேன். ஒன் மூஞ்சி எப்படி இருக்குன்னு காலையிலேந்து குரூப்புல கேட்டுக்கிட்டே இருக்காவ."