இரண்டையும் வைத்துக்கொள்

நிரலின் இரண்டு பிரதிகளை ஒன்றாக மெர்ஜ் செய்யும்போது முட்டிக்கொண்டு நின்ற அந்த ஒரே வரியில், எழுதியவராக இரண்டு பக்கமும் அவள் பெயர்தான் இருந்தது. ஒரே வரியை இரண்டு பேர் ஆளுக்கொரு விதமாக மாற்றிவிட்டால், எதை வைத்துக்கொள்வது என்று, பிரதிகளைச் சேர்த்துவைக்கும் 'கிட்' மென்பொருள் கேட்கும். அது அன்றாடச் சண்டைதான். தன்னோடு தானே முட்டிக்கொள்வதுதான் அவளுக்குப் புதிது.

பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் ஆப் அது. சோதனைக்கு மாதிரிப் பெயர் வேண்டுமென்றால் அந்த டீமில் எல்லோரும் சொந்தப் பிள்ளையைத்தான் போடுவார்கள். அவளும் மகளைப் போட்டிருந்தாள். மேல் வரியில், 'குட்டி வீட்டில் இறங்கிவிட்டாள்.' கீழ் வரியில், 'குட்டி வேனில் இருக்கிறாள்.' மேலே உள்ளதை எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. கீழே உள்ளதை அவள் எழுதவில்லை, குட்டிமேல் சத்தியமாக.

வெளியே மழை பிடித்திருந்தது. நனைந்த ஷூவின் வாடையும், அடுத்த அறையில் குட்டி பென்சிலால் மேசையைத் தட்டித் தட்டி வாய்ப்பாடு சொல்லும் சத்தமும், லேப்டாப் ஃபேனின் இரைச்சலும் சேர்ந்து வீடு எப்போதும்போலத்தான் இருந்தது. இருந்தும் அந்தக் கீழ் வரியிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

டீம் லீடர் போனில் பறந்தார். "இன்னுமா முடியல?"

"ஒரு வரிதான் சார். எது சரின்னு தெரியல."

"டெஸ்ட் டேட்டாதானே? ரெண்டையும் வெச்சு அனுப்பிடும்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

தப்பென்று அவளுக்குத் தெரியும். இதே சோம்பேறித்தனத்துக்காகப் புதிதாகச் சேர்ந்தவர்களை அவளே காய்ச்சி எடுத்திருக்கிறாள். இருந்தாலும் 'இரண்டையும் வைத்துக்கொள்' என்பதை அழுத்தி அனுப்பினாள்.

தெருவில் ஹாரன் அடித்தது. பள்ளி வேனின் ஹாரன். அதுதான் குட்டியை இறக்கிவிட்டு எப்போதோ போய்விட்டதே? பிரேக் கிறீச்சிட்டது. வேன் கதவு தடாலென்று இழுபட்டது. தண்ணீர் சொட்டச் சொட்டச் சின்னக் கால்கள் படியேறி வந்தன. அடுத்த அறையில் வாய்ப்பாடு நிற்கவில்லை.

"அம்மா, கதவைத் திற. குளிருது."

திறக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு எந்தத் தாய் சும்மா நிற்பாள்? திறந்தாள்.

குட்டி. அதே இரட்டைச் சடை. அதே விழுந்த பல். புருவத்தில் அதே தழும்பு.

வாய்ப்பாடு நின்றது. "யாரும்மா வந்திருக்கா?"

மேசைமேல் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "ஆப்ல எல்லாம் உடையுதும்மா. ஒரே பிள்ளை ரெண்டு இடத்துல இருக்குது. ஒண்ணைத் தூக்கிடு."

"எதை சார்?"

"எதுவா இருந்தா என்ன? சீக்கிரம். இல்லன்னா ரெண்டையும் நானே அழிச்சிடறேன்."

"வேண்டாம் சார், வேண்டாம்…"

இணைப்பு அறுந்தது.

நாற்காலியில் விழுந்தாள். மவுஸைப் பிடித்தாள். திரையில் இரண்டு வரிகள். எது அவள் பெற்றது? தெரியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை.

ஒரு பக்கம் உலர்ந்த சின்னக் கை வந்து அவள் கைமேல் படிந்தது. மறுபக்கம் ஈரக் கை. இரண்டிலும் ஒரே கதகதப்பு.

"அவளை எடுத்துடும்மா," என்றன இரண்டு குரல்களும், ஒன்றாக.

பிறகு இரண்டு கைகளும் அவள் விரலை அழுத்தத் தொடங்கின.