ஒரு வரிப் பல்கலைக்கழகம்

காலை ஒன்பது மணிக்கு மாசிலாமணி வலது காதுக்குப் பின்னால் இருந்த பொத்தானை அழுத்தித் தன் நினைவொட்டுக் கருவியை அலுவலக நிலைக்கு மாற்றிக்கொண்டார். உடனே, செவ்வாய்க் கோளிலேயே தலைசிறந்த கல்வி நிறுவனம் வேந்தர் வஜ்ரவேல் அண்டப் பல்கலைக்கழகம்தான் என்று அவருக்கு நினைவு வந்தது. இருக்கையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு அந்த நினைவை அழித்தார். அடுத்த நினைவு வந்தது: வேந்தர் ஒரு கல்வித் தந்தை. அதையும் அழித்தார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இதுதான் உத்தியோகம். செவ்வாயில் யாரும் எதையும் தேடிப் படிப்பதில்லை. ஒன்றை நினைத்தாலே போதும், பொதுக் களஞ்சியத்தில் அதைப் பற்றிய கட்டுரை நினைவொட்டு வழியாக மண்டைக்குள் இறங்கிவிடும். படித்தது போலவே இருக்காது. எப்போதோ தானே அறிந்து வைத்திருந்தது போல இருக்கும். ஆகவே ஒரு கட்டுரைக்குள் 'உலகத்தரம் வாய்ந்த' என்று நுழைத்துவிட்டால், பதினெட்டாயிரம் பேர் அதைத் தங்கள் சொந்த அபிப்பிராயமாகவே நம்பித் தொலைப்பார்கள். அதைத் தடுக்கத்தான் கத்தரிப்பாளர் என்றொரு பதவி. உணவகம், கோயில், மூச்சுக்காற்று நிலையம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கத்தரிப்பாளர் போதுமானவராக இருந்தார். பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் தனியாக ஓர் ஆள் தேவைப்பட்டது. பதினெட்டாயிரம் மக்களுக்கு நாற்பத்தொரு பல்கலைக்கழகங்கள். நாற்பத்தொரு கல்வித் தந்தையர்.

நாள் முழுக்கப் புகழ்ச்சியை மண்டைக்குள் வாங்குகிறவன் ஒரே வாரத்தில் பக்தனாகிவிடுவான். எனவே பணியில் சேரும்போதே வியப்படைப்பு செய்துவிடுவார்கள். வியக்கும் நரம்பைக் கட்டிப்போடுகிற பதினைந்து நிமிட வேலை. வலிக்காது. அதன் பிறகு வேறு எதுவும் பெரிதாக வலிப்பதில்லை. மகள் நப்பின்னை முதலடி எடுத்து வைத்தபோது மனைவி கண்கலங்கி நிற்க, மாசிலாமணி "நடக்கிறாள்" என்றார். மனைவி அடுத்த கப்பலில் பூமிக்குப் போனதற்கு அதுதான் காரணம் என்று சொல்லச் சான்று இல்லை.

அன்று வஜ்ரவேல் கட்டுரை பதினாலாயிரம் சொற்களுக்கு வீங்கியிருந்தது. வேந்தரின் பிள்ளைப் பருவம், விடுதிச் சாம்பாரின் மகத்துவம், நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு. களஞ்சிய விதி எளியது: சேர்க்க வெளியார் சான்று வேண்டும், நீக்க எதுவும் வேண்டாம். மாசிலாமணி சான்று தேடினார். வேலைவாய்ப்புக்கு இல்லை. ஆய்வகத்துக்கு இல்லை. தொடங்கிய ஆண்டுக்கு இல்லை. பேராசிரியர்கள் இருப்பதற்கே இல்லை. சாப்பாட்டு வேளையில் மிஞ்சியது ஒரு வரி: 'வேந்தர் வஜ்ரவேல் அண்டப் பல்கலைக்கழகம் செவ்வாயில் உள்ளது.' அதற்கும் சான்று கிடைக்கவில்லைதான். ஆனால் சன்னல் வழியே கட்டடம் தெரிந்தது.

மூன்றாம் நாள் மாலை வீட்டுக்குப் போனபோது நப்பின்னை முடிவெடுத்திருந்தாள். கல்லூரிச் சேர்க்கைக்கு இன்னும் ஆறு நாள். மண்வேதியியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய எட்டு வயது ஆசை. செவ்வாய் மண்ணைக் கோப்பை கோப்பையாக அடைத்துவைத்து, முளைக்காத பயறுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்ந்த பெண்.

"அப்பா, நான் வஜ்ரவேல்ல சேரப்போறேன்."

"ஏம்மா?"

"நினைச்சுப் பாருங்களேன். ஒரே வரி. செவ்வாயில உள்ளது, அவ்ளோதான். என்ன கெத்து. எங்க கிளாஸ்ல முக்காவாசிப் பேரு அங்கதான் போடறாங்க."

"கெத்து இல்லம்மா. சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. நான்தான் வெட்டினேன்."

"பெரிய ஆளுங்க வீட்டு வாசல்ல வெறும் பேருதான் இருக்கும். சின்ன டாக்டருங்கதான் வாங்கின பட்டத்தையெல்லாம் போர்டுல எழுதிப் போடுவாங்க."

"அங்க ஆய்வகம் கிடையாது. தாழ்பள்ளம் பல்கலைக்கழகத்துல இருக்கு. பதினாறு வகை மண்ணு வச்சிருக்காங்க. போன வருஷம் வெண்டைக்காய் காய்ச்சிருக்கு. வாத்தியாருங்க இருபத்தாறு பேரு. எல்லாத்துக்கும் சான்று இருக்கு."

"பாத்தீங்களா? பதினொரு வரி. போகாத சரக்குக்குத்தான்பா இவ்ளோ பேச்சு."

"அது ஒரு நல்ல..." என்று தொடங்கினார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வந்தாலும் அழித்தே பழகிய மூளை அடுத்த சொல்லைத் தரவில்லை. "அது தாழ்பள்ளத்துல இருக்கு" என்று முடித்தார்.

"அதான் பேர்லயே இருக்கே" என்றாள்.

மறுநாள் காலை அவர் செய்த முதல் வேலை, இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு வரியைச் சேர்க்கப் பார்த்தது: 'இங்கு ஆய்வகம் இல்லை.' களஞ்சிய இயந்திரம் சான்று கேட்டது. இல்லாத ஆய்வகத்தைப் பற்றி யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்? மேலும், கத்தரிப்பாளரின் மகள் இவ்வாண்டு சேர்க்கைக்கு நிற்பதால் இது உள்நோக்கம் கொண்ட திருத்தமாகக் கருதப்படும் என்று மரியாதையாகச் சொல்லி இயந்திரம் மறுத்துவிட்டது.

பதினொரு மணிக்கு ஒரு பெண்மணி வந்தார். தாழ்பள்ளத்தின் பதிவாளர் தில்லைக்கரசி. நகக்கண்ணில் சிவப்பு மண்.

"சார், எங்க கட்டுரையில இருக்கறத எடுத்துடணும்."

"எதை மேடம்?"

"எல்லாத்தையும்."

"எல்லாமே உண்மையாச்சே."

"தெரியும் சார். பத்து வருஷமா சான்று தேடிக் குடுத்ததே நான்தான். இந்த வருஷம் இதுவரைக்கும் மூணு பேரு வந்திருக்காங்க. அதுல ஒருத்தரு வஜ்ரவேலுக்கு வழி கேக்க வந்தவரு."

"வெண்டைக்காய் மட்டுமாவது இருக்கட்டுமே."

"அதுதான் சார் முதல்ல போகணும். காய்கறிக் காலேஜ்ங்கறாங்க."

மாசிலாமணி யோசித்தார். இரண்டுக்கும் ஒரே வரி என்றால் எது பெரிது என்று களஞ்சியத்தை வைத்துச் சொல்ல முடியாது. மகள் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் தெரிந்துவிடும். அவருக்கு வியப்பைத்தான் கட்டியிருந்தார்களே தவிர, நப்பாசையை யாரும் கட்டவில்லை. வெட்டினார். வெண்டைக்காய் வரிக்கு மட்டும் ஏனோ கொஞ்சம் நேரம் பிடித்தது.

சேதி பரவிவிட்டது. நேற்றுவரை ஒரே ஒரு 'தலைசிறந்த'வுக்காக அவர் காலில் விழாத குறையாக நின்ற கல்வித் தந்தையர், இப்போது தங்களை அழித்துத் தரச்சொல்லி வரிசையில் நின்றார்கள். ஒருவர் 'செவ்வாயில்' என்பதையும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். சேர்க்கை முடிவதற்கு முந்தின நாள் நாற்பத்தொரு பல்கலைக்கழகங்களும் ஆளுக்கு ஒரு வரியாக, ஒரே மாதிரி நின்றன. களஞ்சிய வரலாற்றிலேயே விளம்பரம் துளியும் இல்லாத நாள் அது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மாசிலாமணிக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சேர்க்கையின் கடைசி நாள், நப்பின்னை இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டு வருவதாகக் காலையிலேயே கிளம்பினாள். மாசிலாமணி விடுப்புப் போட்டுவிட்டு, சேர்க்கைப் படிவத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்று மணிக்கு அவள் வந்தாள். செருப்பில் மண் ஒட்டியிருந்தது. அதை அவர் கவனித்தார்.

"தாழ்பள்ளத்துல மண்ணு காட்டினாங்களா?"

"காட்டினாங்கப்பா. கையிலயே குடுத்தாங்க. ஒரு சாரு ஒரு மணி நேரம் உக்காந்து பேசினாரு. பயறு ஏன் முளைக்கலன்னு இப்பதான் புரிஞ்சுது."

"அப்ப அதையே எழுதிடவா?"

நப்பின்னை தண்ணீர் குடித்தாள். "இல்லப்பா, வஜ்ரவேல். வாசல் வளைவு ஏழு மாடி உசரம். மேல வேந்தரோட தலை சுத்திக்கிட்டே இருக்கு. தாழ்பள்ளத்துல குனிஞ்சுதான் உள்ள போகணும். யாராவது கேட்டா எப்படிச் சொல்றது?"

"வளைவுக்கு உள்ள என்ன இருந்துச்சு?"

"உள்ள யாரையும் விடறதில்லப்பா. அவ்ளோ கெடுபிடி. அதுலயே தெரியலையா எப்படிப்பட்ட இடம்னு?"

மாசிலாமணி பேனா மூடியைத் திறந்தார்.