பசிக்காதவரின் தள்ளுவண்டி

கடைக்குப் புறப்படுமுன் எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துத்தான் எங்கள் வீட்டிலும். இரண்டு கோப்பை வெந்நீர் குடித்து, வாயைக் கொப்பளித்து, சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் வெளிக்கிட வேண்டும். இந்த ஸ்காபரோ நகரில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். என் மனிசன் துஷாந்தனுக்கு மட்டும் இந்தச் சடங்கெல்லாம் தேவையில்லை. சப்பாத்தை மாட்டுவார், தொப்பியைப் போடுவார், வெளிக்கிடுவார். அவருக்குத்தான் பசிப்பதே இல்லையே.

அதனால்தான் எங்கள் மாடி முழுவதற்கும் அவரே சாமான் வாங்குகிறார். பக்கத்து வீட்டு இயலினி காலையில் வேலைக்குப் போகும்போது தன் வெறும் பையை எங்கள் கதவில் கொழுவிவிட்டுப் போவாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு வேலை செய்கிறாள், பாவம். மாலையில் அந்தப் பை பாலும் பாணும் முட்டையுமாய் அவள் வீட்டுக்குத் திரும்பும்.

எல்லாம் இந்தப் பசிமானி செய்த வேலை. கையில் கட்டியிருக்கிற இந்தக் கண்டறியாத பட்டை இரத்தத்தையும் பார்க்கும், வாயூறுவதையும் பிடிக்கும். அது இல்லாமல் கடைக்குள் விடமாட்டார்கள். சாமான் அடுக்கியிருக்கிற ஒரு தட்டுக்குக் கிட்ட நீங்கள் போனதும் அங்கிருக்கிற விலை உங்கள் பசியைப் பார்த்து மாறும். பசி கூடினால் விலை கூடும். யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர் அதிகம் கொடுக்கட்டும், விமானச் சீட்டு அப்படித்தானே விற்கிறது என்று கோட் போட்ட ஆட்கள் தொலைக்காட்சியில் விளங்கப்படுத்தினார்கள். நாங்களும் தலையாட்டினோம். அன்றைக்கு எங்களுக்கு வயிறு நிறைந்திருந்தது.

பிறகுதான் விளங்கியது. வீட்டில் சாப்பாடு இருக்கிறவன் தின்றுவிட்டுப் போய் மலிவாக வாங்கி வருவான். வெறும் அடுப்பை விட்டுவிட்டுப் போகிறவளுக்கு ஒரு துண்டுப் பாண்கூட நகை விலை. கண்ணாடிக் கட்டடங்களுக்குக் குறைவில்லாத இந்த நகரத்தில், வேலைக்குப் போய் வருகிற ஆட்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள்.

போன வருடம் துஷாந்தன் வருத்தம் வந்து படுத்துவிட்டார். வைத்தியம் வருத்தத்தோடு சேர்த்துப் பசியையும் கொண்டு போய்விட்டது. மணிக்கூட்டைப் பார்த்து நான் கரண்டியால் ஊட்டினால் மூன்று வாய் விழுங்குவார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருடைய பசிமானி எந்நேரமும் பச்சைதான். தட்டுக்குத் தட்டு விலை அவருக்கு முன்னால் விழுந்து கும்பிடும். முதலில் எங்களுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

போன கிழமை வைத்தியர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். உடம்பு தன்னைத்தானே தின்கிறதாம். பசி திரும்பாவிட்டால் அடுத்த பனிக்காலத்துக்கு ஆள் இருக்கமாட்டாராம். பசியெடுக்க விழுங்குவதற்கு ஒரு குளிசையும் தந்துவிட்டார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இந்த மனிசன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுகிறார்.

“எனக்குப் பசிச்சால் இயலினியின்ர பிள்ளையள் என்ன செய்யுங்கள், மயூரி? பனி கரையட்டும், போடுறன்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவர் செத்து ஊருக்குச் சோறு போடப் போகிறாராம். நான் அன்றைக்கே ஒரு முடிவெடுத்துவிட்டேன்.

இன்று மத்தியானம் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். தள்ளுவண்டி நிறைந்தது. இயலினியின் பால், முட்டை, பிள்ளைகளுக்கு வாழைப்பழம், மற்ற வீடுகளின் அரிசி, பருப்பு. வண்டியின் சின்னத் திரையில், அவருடைய பட்டையைப் பார்த்துப் போட்ட மொத்த விலை பச்சையாகக் கிடந்தது. காசுமேசையைத் தாண்டும்வரை அது நிலையில்லை. வீட்டில் தொடங்கினால் எழும்பிப் போய்விடுவார், இங்கே நிறைந்த வண்டியை விட்டு நகரமாட்டார்.

வரிசையில் நிற்கும்போது, பக்கத்துத் தட்டில் இருந்த இரண்டு தட்டைக் கரண்டிகளை எடுத்தேன். வண்டியின் இரும்பு விளிம்பில் மெல்லத் தட்டத் தொடங்கினேன். டக்கடக்க டக்கடக்க டக். நடுவில் ஒரு இழுவை. திரும்ப டக்கடக்க.

துஷாந்தன் திரும்பிப் பார்த்தார்.

கல்லில் கொத்துரொட்டி கொத்துகிற சத்தம் கேட்டு எத்தனை வருடம்! மார்க்கம் வீதியில் மணியண்ணையின் சாப்பாட்டுக்கடைதான் எங்களுக்குக் கோயில், பூங்கா எல்லாம். பனி வழிக்கிற வாகனம் ஓட்டிவிட்டு இவர் வந்து நிற்பார், நான் கல்லூரி விட்டு வருவேன். பலகையில் எழுதிய விலை எல்லோருக்கும் ஒன்று. பசியோடு போனால் மணியண்ணை முகத்தைப் பார்த்தே ஒரு கரண்டி கூடப் போடுவார். பிறகு பசிமானி வந்தது. அந்தச் சாப்பாட்டு வாசம் பட்டுப் பக்கத்துக் கடையில் எல்லோருக்கும் விலை ஏறுகிறதென்று வழக்குப் போட்டு அதை மூடவைத்துவிட்டார்கள். இப்போது யன்னலைத் திறந்துவைத்துச் சமைப்பதே மரியாதையில்லாத வேலை. சாப்பாட்டைப் பற்றிச் சபையில் பேசுவதும் அப்படித்தான்.

நான் பேசினேன். வெங்காயம் கல்லில் விழுகிற சத்தத்தைச் சொன்னேன். உறைப்பு மூக்கில் ஏறி இவர் தும்மியதைச் சொன்னேன். ஒரே பெட்டியில் இரண்டு பேரும் கை வைத்துத் தின்றதையும், அடியில் ஒட்டிய கருகலுக்குச் சண்டை போட்டதையும் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் தங்கள் பட்டையைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும்.

“நிப்பாட்டு, மயூரி” என்றார். குரல் கெஞ்சியது.

நான் நிப்பாட்டவில்லை. “கோழியோ, ஆடோ எண்டு மணியண்ணை கேட்பார். நீங்கள் என்ன சொல்லுவியள்?”

அவர் வாயூறியதை விழுங்கினார்.

“ஆடு. உறைப்புக் கூடப் போடச் சொல்லுவன்” என்றார். பிறகு வயிற்றில் கையை வைத்தார். “பசிக்குதடி.”

அவருடைய பட்டை மஞ்சளாகி, சிவந்தது. வண்டித் திரையில் விலை ஏறிக்கொண்டே போனது. இந்த நாட்டில் விலை ஏறுவதைப் பார்த்துச் சந்தோசத்தில் அழுத பொம்பிளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தோம். அரிசி, பருப்பு, முட்டை. வாழைப்பழத்தை வைக்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்களிடம் இருந்த காசுக்கு ஒரு ரொட்டிப் பக்கற்றும் ஒரு வெங்காயமும்தான் கட்டுப்படியானது. இறைச்சிப் பக்கம் தலைவைத்தும் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ரொட்டியை நறுக்கி, இருந்த மிளகாய்த்தூளைப் போட்டுக் கொத்தினேன். அவர் மேசையில் குனிந்து, நான் ஊட்டாமல், தன் கையால் தின்றார். அப்போது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. இயலினி. அவளுடைய வெறும் பை கதவிலேயே கொழுவியபடி கிடந்தது. வாசம் அவளுக்கும் பட்டிருக்கும். உள்ளே எட்டி, அவர் தின்கிறதைப் பார்த்தாள்.

“அங்கிளுக்குப் பசி வந்திட்டுதோ?”

ஓமென்றேன். அவள் சிரித்தாள், உண்மையாகவே சிரித்தாள். நான் பாதி ரொட்டியைக் கிண்ணத்தில் போட்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். என்ன செய்து வரவழைத்தேன் என்று கேட்டாள். நான் கரண்டியைத் தட்டி, கதையைத் தொடங்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் அன்ரி. பிள்ளையளுக்கும் இதைச் சொல்லாதேங்கோ. நாளைக்கு நாங்கள்தான் கடைக்குப் போகவேணும்.”

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். துஷாந்தன் தன் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். அடியில் ஒட்டிய கருகலை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். மணியண்ணை பிறகு என்ன சொல்லுவார் என்று கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. நான் கிட்டப் போயிருந்து, அவருடைய காதுக்குள் மெல்லச் சொன்னேன்.