இரண்டு மணிக்கு வளையும் படகு

கடைக்குள் நுழையும்போதே பல் டாக்டரின் முகம் கடுகடுவென்று இருந்தது. படகுக் கருவிகளைப் பழுது பார்க்கும் மீட்டர் அக்கா அவரை உட்காரச் சொன்னாள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தன்னைத் தானே அவளுக்கு உதவியாளராக நியமித்துக்கொண்ட அவள் கணவர் வாத்தியார் ஆவலாக நோட்டைத் திறந்தார்.

டாக்டரும் அவர் மனைவியும் ஒன்பது நாளில் சொந்தப் பாய்மரப் படகில் இரண்டு மாதப் பயணம் கிளம்புகிறார்கள். இடம் காட்ட ஜிபிஎஸ் திரை, திசை காட்ட மின் காம்பஸ், அந்தக் காம்பஸை நம்பித் தானே சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட். மூன்றையும் மூன்று கடைகளில் தேடி வாங்கி இணைத்தவன் டாக்டரின் மச்சான். வெள்ளோட்டம் போன மூன்று நாளும் மதியம் இரண்டு மணிக்குப் படகு வலப்பக்கம் வளைந்தது. மூன்றாம் நாள் பாறையில் மோதாமல் தப்பியது மயிரிழையில்தான்.

மூன்று நாளும் அந்த நேரத்தில் காவல் இருந்தவன் மச்சான். அவன் தூங்கிவிட்டான் என்பது டாக்டரின் கட்சி. கண்ணே மூடவில்லை, திசை எண் இம்மிகூட நகரவில்லை என்று அவன் சத்தியம் செய்கிறான். கூட வருவதாக இருந்த அவன் பயணத்துக்கு வேண்டாம், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரே கம்பெனி சாமானாக வாங்கப்போகிறேன் என்றார் டாக்டர். தம்பிக்கும் கணவனுக்கும் நடுவில் அவர் மனைவி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

மூன்று கடைச் சரக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்று வாத்தியார் தீர்ப்பே எழுதிவிட்டார்.

"ஒத்துப்போகலேன்னா காலைலயும் வளையணுமே" என்றாள் அக்கா. பிறகு டாக்டரிடம் திரும்பினாள். "உங்க மச்சான் காவல் இருக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

"நானா? சாப்பிட்டுட்டு உள்ள படுத்திருப்பேன். கொஞ்சம் பாட்டு கேப்பேன்."

அன்று மாலையே எல்லோரையும் படகுக்கு வரச் சொன்னாள். படகு கரையில் கட்டியிருந்தது. வழக்கம்போலப் படுக்கும்படி டாக்டரைக் கேட்டாள். அவர் கூச்சத்தோடு பையிலிருந்து தடித்த ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துத் தலைமாட்டுப் பலகையில் வைத்துவிட்டுச் சாய்ந்தார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியாருக்குப் பேனா கைநழுவியது. கட்டிப்போட்ட படகு இருபத்திரண்டு டிகிரி திரும்பிவிட்டதாகக் காம்பஸ் சொன்னது.

அக்கா பலகையைத் தட்டினாள். காம்பஸ் அதற்கு அடியில்தான் இருந்தது.

"ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்கு. காம்பஸ் ஏமாந்துச்சு. அதை நம்பி ஆட்டோபைலட் படகைத் திருப்பி, எண்ணைப் பழையபடி ஆக்கிடுச்சு. அதான் மச்சான் கண்ணுக்கு ஒண்ணும் மாறல. ஜிபிஎஸ்ஸைக் காந்தம் ஏமாத்தாது. வளைஞ்ச பாதையை அது உள்ளபடியே வரைஞ்சு வச்சிருக்கு."

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், ஸ்பீக்கரைக் காம்பஸுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், காம்பஸையும் ஜிபிஎஸ்ஸையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக வையுங்கள், இரண்டும் முரண்பட்டால் ஆளை எழுப்புங்கள் என்றாள். முதலில் சிரித்தது டாக்டரின் மனைவிதான்.

டாக்டர் எழுந்து மச்சானிடம் போனார். "தப்பு என்னோடது. ரெண்டு மணிக் காவலை நான் பாத்துக்கறேன். நீயும் வா."

மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தனக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்க வேண்டும், கடையை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்றான்.