அசையாத ஆசாமி, சத்தமில்லாத கேமரா

இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம்.

கேமராக் கடைக்கு எதிரே இருந்த பெஞ்சில் அந்த ஆசாமி அவ்வளவு நேரமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

தலையில் தொப்பி. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மடியில் விரித்த செய்தித்தாள். அதில் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

கடைக்குள் நின்ற இளம்பெண்ணுக்கு வேறு அவசரம்.

"அஞ்சு மணிக்குள்ள ஒரு படம் கொடுக்கணும் சார்," என்றாள். குரல் கவுன்ட்டரைத் தாண்டவில்லை.

"கொஞ்சம் சத்தமா பேசும்மா. கேமராதான் சத்தம் போடக் கூடாது. நீ போடலாம்," என்றார் கடைக்காரர்.

சொன்னாள். ஒரு பத்திரிகையில் புகைப்பட வேலை கேட்டிருந்தாள். ஆறு மாதமாகத் தெருத் தெருவாக அலைந்து எடுத்த நாற்பது படங்களை ஆசிரியர் முன் வைத்திருந்தாள். நாற்பதிலும் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்புத் தைப்பவர் தலை வாரியிருந்தார்.

"இது தெருவா, கல்யாண ஆல்பமா?" என்று கேட்டிருந்தார் ஆசிரியர். "ஒருத்தர்கூட உன்னைப் பார்க்காத ஒரே ஒரு தெருப் படம். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள. இல்லைன்னா வேலை வேற ஆளுக்கு."

அந்த 'நாளைக்கு' இன்றுதான்.

கடைக்காரர் அவள் தோளில் தொங்கியதைப் பார்த்தார்.

"இதைத் தூக்கிக்கிட்டா தெருவுல போன? இது கேமரா இல்லம்மா, பிரஷர் குக்கர். பார்த்தா தெருவே எழுந்து நிக்கும்."

மூன்று சின்னக் கேமராக்கள் கவுன்ட்டருக்கு வந்தன.

"இது சட்டைப் பையில போகும். ஜூம் கிடையாது. உன் காலுதான் ஜூம். கிட்ட போய் எடுக்கணும்."

"கிட்ட போனா பயமா இருக்கும் சார்."

"அப்ப இது. பின்னாடி திரை மடங்கும். இடுப்புல வச்சு, குனிஞ்சு பார்த்து எடுக்கலாம். பட்டன் அறுந்துடுச்சோன்னு பார்க்கற மாதிரியே இருக்கும்."

"மூணாவது?"

"ஷட்டர் சத்தமே வராது. பீப் இல்லை. போகஸ் பண்றப்ப எரியற குட்டி லைட்டையும் நானே அணைச்சு வச்சிருக்கேன். நீ எடுத்தது உனக்கே தெரியாது."

அவள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குழப்பமே வேண்டாம். சோதிக்காம நம்ம கடையில விக்கறதில்லை. எதிர் பெஞ்சுல யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, மூணடி தள்ளி நின்னு எடுக்கணும். அவங்க திரும்பினா கேமரா பெயில்."

அவள் பெஞ்சைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"அவரை வேண்டாமே சார்..."

"ஏன், அவருக்கு என்ன குறைச்சல்?"

மூன்று கேமராக்களையும் அள்ளிக்கொண்டாள்.



போய் எடுத்தாள். முதல் கேமரா... ஆசாமி திரும்பவில்லை. இரண்டாவது... இல்லை. மூன்றாவது... ம்ஹூம்.

"மூணும் பாஸ்!" கடைக்காரர் கையைத் தேய்த்தார்.

"மூணும் பாஸ்னா அது சோதனையே இல்லை சார். பெயில் ஆகற ஒண்ணையும் வச்சுப் பார்க்கணும்."

கடைக்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. அவளுடைய குக்கரை வாங்கிக்கொண்டு அவரே போனார். ஆசாமியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

க்ளடக்!

கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன.

ஆசாமி அசையவில்லை.

ஒரு ஈ வந்து மூக்கின் மேல் உட்கார்ந்தது. நிதானமாக நடந்தது. அப்போதும் அசையவில்லை.

கடைக்காரர் பின்பக்கமாகவே நடந்து கடைக்குள் வந்தார்.

"யம்மா... அந்தாளு செத்துட்டான்."

"சார், அது வந்து..."

அதற்குள் அவர் காதில் போன் இருந்தது.

ஏழே நிமிடத்தில் ஜீப் வந்தது. பெஞ்சைச் சுற்றிப் பத்தடிக்குக் கயிறு கட்டினார்கள். அறுபது பேர் கூடிவிட்டார்கள்.

"யாரும் கிட்ட வராதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "போலீஸ் போட்டோகிராபர் வந்து படம் எடுக்கற வரைக்கும் பொணத்து மேல விரல் படக் கூடாது. ரூல்."

"உயிர் இருக்கான்னு தொட்டுப் பார்க்க வேண்டாமா சார்?" கூட்டத்தில் கூடை வைத்திருந்த பெண் கேட்டாள்.

"படம் எடுத்தாதான் தொடலாம். தொட்டாதான் உயிர் இருக்கான்னு தெரியும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பொணம்தான்."

ஒரு மணி நேரம் போனது. போலீஸ் போட்டோகிராபர் ஊரின் அந்தக் கோடியில் வேறொரு பிணத்தோடு இருப்பதாகத் தகவல் வந்தது. இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை அவள் கையில் இருந்த கேமராக்களில் நின்றது.

"நீ போட்டோகிராபரா? வா, நீ எடு."

"சார், நான் ஒண்ணு சொல்லணும்..."

"எடுத்துட்டுச் சொல்லு."

"மூணாவதுல எடும்மா!" கயிற்றுக்கு வெளியிலிருந்து கடைக்காரர். "சத்தமே வராது!"

"யோவ், சத்தம் வந்தா பொணம் கோவிச்சுக்குமா?" இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்தார். "ஆமா... அது மழை தாங்குமா?"

"தூறல் தாங்கும் சார்."

அவள் கயிற்றைத் தாண்டினாள். ஆசாமியை இரண்டு படம் எடுத்தாள். மூன்றாவதுக்கு நிமிர்ந்தவள்... அப்படியே நின்றாள்.

எதிரே அறுபது முகங்கள்.

குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்க்கும் ஒருவர். அவருடைய தோளைப் பிடித்துக் கீழே அழுத்தும் இன்னொருவர். வாயைப் பொத்திய கூடைக்காரப் பெண். அப்பாவின் கழுத்தில் ஏறி உட்கார்ந்து காலாட்டும் குழந்தை.

அறுபதில் ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை!

அழுத்தினாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் அழுத்தினாள். திரையில் பார்த்தாள். ஆறு மாதமாகத் தேடிய படம்.

மணி நாலு பத்து.

"முடிஞ்சுதா? மெமரி கார்டைக் கழட்டிக் கொடு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எதுக்கு சார்?"

"சாட்சியம்மா. கவர்ல போட்டு சீல் வைக்கணும். கேஸ் முடிஞ்சதும் வந்து வாங்கிக்க."

"எப்ப முடியும்?"

"போன கேஸ் பதினோரு வருஷம் ஓடிச்சு."

அவள் கார்டை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

"கேஸே இல்லைன்னா தர வேண்டாமா சார்?"

"கேஸ் எப்படி இல்லாம போகும்? பொணம் இருக்கே."

"பொணம் இல்லைன்னா?"

இன்ஸ்பெக்டர் முறைத்தார். கடைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. அறுபது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரு சாகலை சார். அவரு என் அப்பா! எதுவுமே கிடைக்கலைன்னா கடைசியா இவரையாவது எடுத்து, தெருவுல போறவர்னு சொல்லிக் கொடுத்துடலாம்னு... நான்தான் பன்னிரண்டு மணிக்குக் கொண்டு வந்து உட்கார வச்சேன். நான் கூப்பிடற வரைக்கும் எது நடந்தாலும் அசையக் கூடாது, கேமராப் பக்கம் பார்க்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனேன். தப்புதான் சார்."



பெஞ்சில் தொப்பி அசையவில்லை. கண்ணாடி அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"நான் யார் பேச்சையும் கேக்கறதில்லைன்னு இவ அம்மா சொல்லிட்டுத் திரியறா. இன்ஸ்பெக்டர் சார், உங்களுக்குப் புண்ணியமா போகும்... ஒரு எட்டு வீட்டுக்கு வந்து சாட்சி சொல்லிட்டுப் போயிடுங்க."