உள்ளே போன அம்புக்குறி

மவுஸை அவன் நகர்த்துவதற்கு ஒரு கணம் முன்னாலேயே அம்புக்குறி நகர்ந்துவிட்டது.

கணினி மெதுவாக ஓடினால் திட்டலாம். முந்திக்கொண்டு ஓடினால் யாரைத் திட்டுவது? எல்லாம் நல்லதற்கே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, அக்காவின் எம்பிராய்டரி கடையின் பின்னறையில், துணி மூட்டைகளுக்கும் மெஷின் எண்ணெய் வாசனைக்கும் நடுவே நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டான். வெளியே மழைக்கால மாலை. முன்னறையில் ஊசி ஓடும் சத்தம் தகரத்தில் கல் கொட்டுவதுபோல விட்டு விட்டு வந்தது.

அக்காவின் பழைய கணினி போன வாரம் உயிரை விட்டிருந்தது. சின்னம், பூ, எழுத்து என்று அவள் வருஷக்கணக்கில் சேர்த்த தையல் வடிவங்கள் அதைத் தவிர வேறெதிலும் திறக்காது. விளையாட்டுக் குழு ஒன்றின் சட்டைகள் சின்னமில்லாமல் மொட்டையாகக் காத்துக் கிடந்தன. நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். அப்போதுதான், "எமுலேட்டர் போட்டாப் போச்சு" என்று இவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். புதுக் கணினியைப் பழையது மாதிரி நடிக்க வைக்கும் மென்பொருள் அது. அப்படி ஒன்று இருப்பதே அன்று காலையில்தான் அவனுக்குத் தெரியும்.

வீட்டில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். பாராட்டாகத் தொடங்கிய பெயர். எப்போது கேலியானது என்று யாருக்கும் நினைவில்லை.

"டேய் விஞ்ஞானி, ஆச்சா?" அக்கா கதவோரம் வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

திரையில் விரிந்திருந்த 'புதிதாகத் தொடங்குவோருக்கு' என்ற பக்கத்தை அவசரமாகப் பின்னால் தள்ளி மறைத்தான். லேசாகத் தொண்டையைச் செருமினான்.

"ஆயிட்டே இருக்குக்கா."

"அடுப்பே பத்தவைக்காம கொதிச்சிட்டிருக்குங்கற. தெரியலன்னா சொல்லிடுடா. சித்தப்பா பொண்ணக் கூப்பிட்டா வந்து முடிச்சுக் கொடுத்துட்டுப் போறா."

"அவளுக்கே நான்தான்க்கா சொல்லிக் கொடுத்தேன்."

இவனுடைய பாஸ்வேர்டு மறந்துபோனபோது மீட்டுக் கொடுத்தவளே அவள்தான். அக்காவுக்கும் அது தெரியும். அவள் அவனையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனாள். அறைந்திருந்தால்கூடத் தேவலை. காது மடல்கள் கொதித்தன.

மென்பொருள் கேள்வி கேட்கத் தொடங்கியது. விசைப்பலகையை உள்ளே இருக்கும் இயந்திரத்துக்குக் கொடுக்கவா? ஆமாம். மவுஸை? ஆமாம். கேமராவை, மைக்கை? ஆமாம், ஆமாம். அதற்கடுத்த கேள்வி நீளமாக இருந்தது. நீளமான கேள்விகளைப் படிக்காமலே ஆமாம் போடுவதில் அவன் கைதேர்ந்தவன். போட்டான்.

கறுப்பு. பிறகு திரைக்குள் ஒரு சின்னத் திரையாய், பழைய கணினியின் வெளிறிய நீலம் மெல்ல மலர்ந்தது. அப்பாடா! அந்த நீலத்துக்குள் ஒரு க்ளிக் கொடுத்தான். அம்புக்குறி உள்ளே போனது.

வெளியே வரவில்லை.

இழுத்துப் பார்த்தான். அது ஓரம் வரை வந்து முட்டிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் ஈ நகர்வதுபோல விளிம்போடு ஊர்ந்தது. வெளியே எடுக்க எந்தப் பொத்தானை அழுத்துவது? அவன் மறைத்து வைத்த பக்கத்தில் அது இருக்கும். அந்தப் பக்கத்தை எடுக்கத்தான் அம்புக்குறி வேண்டும்.

சூடான தூசியின் வாசனை வந்தது. கேமராவின் பொட்டு விளக்கு எரிந்தது. முன்னறையில் ஊசி நின்றிருந்தது.

ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஆயிட்டே இருக்குக்கா."

அவன் குரல். டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒல்லியாக. சற்று நின்று, மறுபடி. இம்முறை கொஞ்சம் தடிமனாக. இன்னொரு தடவை. ஒவ்வொரு முறையும் தேறிக்கொண்டே வந்தது, பாடம் ஒப்பிக்கும் பிள்ளைபோல. பொய் சொல்லுமுன் வரும் அந்தச் செருமல் முதற்கொண்டு அச்சு அசல்.

கத்தலாம். கத்தினால் அக்கா ஓடி வருவாள். வந்து, ஏன்டா கத்தினே என்பாள். தெரியலக்கா என்று சொல்ல வேண்டிவரும்.

வாயை மூடிக்கொண்டான்.

கையை எடுக்கப் பார்த்தான். கை வரவில்லை. இப்போது மவுஸ்தான் கையை நகர்த்தியது. விரல் விரலாக மரத்தது. மணிக்கட்டு. தோள். அறையின் ஆழம் போயிற்று. துணி மூட்டைகள் தட்டையாயின. நீலம். எங்கும் நீலம்.

குளிர்.

எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கதவளவு பெரிதாக, ஒரு முகம். அவன் முகம். அது இமைத்துப் பார்த்தது. ஒரு கண்ணை. மறு கண்ணை. பிறகு இரண்டையும்.

"என்னடா, சத்தத்தையே காணோம்?" அக்காவின் குரல் தண்ணீருக்கு மேலிருந்து கேட்பதுபோல் கேட்டது.

முகம் திரும்பியது. தொண்டையைச் செருமவில்லை.

"எனக்கு இது தெரியலக்கா. அவளையே கூப்பிட்டுடு."

அவ்வளவு சுலபமாக. கூச்சமே இல்லாமல்.

அக்கா அதன் தலைமுடியைக் கலைத்தாள். "இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான்டா மனுஷன் மாதிரி பேசியிருக்க."

அவன் கண்ணாடியை அறைந்தான். சத்தம் எழவில்லை. ஆனால் ஏதோ அசைவது தெரிந்திருக்க வேண்டும். அக்கா குனிந்தாள். நெற்றி சுருங்க, திரைக்கு மிக அருகில் வந்து, நேராக அவன் இருந்த இடத்தையே பார்த்தாள். அதே பார்வை.

"உள்ள என்னடா அது, ஆள் மாதிரி?"

ஒரு கையசைப்பு போதும். நான்தான்க்கா, தெரியாம மாட்டிக்கிட்டேன், எடுத்து விடு. வாய் திறந்தது. காது மடல்கள் கொதித்தன.

பழக்கதோஷம். முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் கண்ணில் படாத மூலைக்கு நகர்ந்துவிட்டான்.

"ஒண்ணும் இல்லக்கா. பழைய மானிட்டர் இல்லியா, அப்படித்தான் இருக்கும்," என்றது அவன் குரல்.

அக்கா நிமிர்ந்தாள். காலடிகள் தேய்ந்தன. மூலையிலிருந்து அவன் பாய்ந்து வந்து கண்ணாடியில் வாயை வைத்து அலறியபோது, வெளியே அவனுடைய இரண்டு கைகளும் மானிட்டரின் தூசி உறையை மேலிருந்து மெதுவாக, ஓரங்களைச் சீராக இழுத்துவிட்டபடி, இறக்கிக்கொண்டிருந்தன.