ஷட்டரின் இடது முனை

அன்றைக்கு ஷட்டர் சிரமமே இல்லாமல் இறங்கியது. கிருபாபாய்க்கு அதுவே சரியாகப் படவில்லை.

ராஜபாளையத்தில் வெள்ளத்தாய் காம்ப்ளெக்ஸின் மாடியில் கடைசிக் கடை அவளுடையது. பதினாலு வருஷமாக லேடீஸ் டெய்லர். பத்தடி அகல ஷட்டர். ஒரு பக்கம் ஸ்பிரிங் போய்விட்டதால் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து இழுத்தால்தான் கோணாமல் இறங்கும். ஆறு மணிக்கு மில் சங்கு ஊதும். வலது முனையைப் பிடித்துக் குனிந்துகொண்டு, "ஒரு கை குடுங்க" என்பாள். பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த பால்பாண்டி அண்ணாச்சி எழுந்து வருவார். கடகடவென்று ஷட்டர் இறங்கும். நிமிர்ந்து பார்த்தால் இடது முனையில் அண்ணாச்சி சிரித்துக்கொண்டு நிற்பார்.

இப்போது அண்ணாச்சி இல்லை. மாடியில் யாருமே இல்லை. 1993 ஆகஸ்டோடு கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். புதிதாகக் கட்டுவதில் கீழே ரோட்டைப் பார்த்துக் கடைகள், மேலே மூன்று மாடிக்கு பிளாட். அவரவர் கிடைத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டார். காலியான கடைகளின் ஷட்டர்களை எல்லாம் பழைய இரும்புக்காரர் கழற்றிக்கொண்டு போனதில், வராந்தா நெடுக இருட்டு வாயைத் திறந்துகொண்டு நின்றது. இவள் மட்டும் நகரவில்லை. கடைசிவரை கடையைத் திறந்து வைத்திருப்பவர்களுக்குப் புதுக் கட்டடத்தில் ரோட்டோரக் கடை என்று எஞ்சினியர் ஐயாதுரை சொல்லியிருந்தார். மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் அவரே மாடியேறி வருவார். கடை திறந்திருந்து ஆளும் இருந்தால் புதுக் கடைக்கான கடிதம் கையில். மூடிக் கிடந்தால் காலி என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

மாடி மூலையில், யார் கண்ணிலும் படாமலே அவளுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. ரோட்டோரம் தன் பெயர் போட்ட பலகை ஒன்று தொங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அம்மா போன பிறகு வீட்டில் பேச ஆள் கிடையாது. கடையிலும் மிஷின் சத்தத்தை விட்டால் வேறு சத்தமில்லை. சில நாள் தன் குரல் தனக்கே மறந்துவிடுமோ என்று பயந்து வேண்டுமென்றே இருமிப் பார்ப்பாள்.

அண்ணாச்சி போன பிறகு இரண்டு முனையையும் மாறி மாறி இழுத்துத் தனியாகத்தான் மல்லுக்கட்டி மூடிவந்தாள். அன்று சங்கு ஊதியதும் பழக்கதோஷத்தில் குனிந்து, "ஒரு கை குடுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. வெறும் வராந்தாவைப் போய்க் கூப்பிடுகிறோமே, புத்தி பிசகிவிட்டதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் ஷட்டர் இறங்கியது. கோணாமல், முரண்டு பிடிக்காமல், தரைவரைக்கும். நிமிர்ந்தாள். இடது முனையில் யாரும் இல்லை. சிமெண்ட் தூசியும் வௌவால் வாடையும்தான்.

போன வாரம் விட்ட எண்ணெய் இப்போதுதான் ஊறியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். உள்ளுக்குள் உதறல் இல்லாமல் இல்லை. ஆனாலும் நாள் முழுக்க ஒரு மனுஷக் குரல் கேட்காதவளுக்கு, கேட்டதும் துணைக்கு ஒரு கை வருவது ஆறுதலாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாகவே இருந்தது.

வியாழக்கிழமை காலை ஒரு கல்யாண ஜாக்கெட்டைக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனவள், பால்பாண்டியின் புதுக் கடையையும் எட்டிப் பார்த்தாள். நீங்கள் இல்லாமலே இப்போதெல்லாம் ஷட்டர் இறங்கிவிடுகிறது என்று விளையாட்டாகச் சொன்னாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி வைத்தார்.

"நான் எங்க இழுத்தேன், கிருபா? தோள்பட்டை எறங்கி ஏழு வருசமாச்சு, ஒரு செம்பத் தூக்க ஏலாது. நீ கூப்பிட்டா எந்திரிச்சு வருவேன். நான் வாரதுக்குள்ள எறங்கிரும். நீயே இழுத்துட்டேன்னுல்லா நெனச்சேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் காற்று அடித்தும் அவளுக்கு வேர்த்தது. ஏழு வருஷம். ஒவ்வொரு சாயங்காலமும் தான் குனிந்திருந்தபோது, பக்கத்தில் இன்னொன்றும் குனிந்து நின்றிருக்கிறது.

அன்று அவள் கூப்பிடவில்லை. பாதியில் கோணித் தொங்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள். வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால், தரைவரை ஒழுங்காக மூடியிருந்தது.

இன்னும் ஒரே ஒரு நாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். சனிக்கிழமை மிஷினை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். சங்கு ஊதியது. வாயைத் திறக்கவே இல்லை. தைக்கவும் இல்லை. வராந்தாவின் தூரத்துக் கோடியிலிருந்து வெளிச்சம் ஒவ்வொரு கடையாகக் கழன்று வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது படியில் செருப்புச் சத்தம். எஞ்சினியரின் இருமல். அப்பாடா என்று எழுந்தாள்.

ஷட்டர் இறங்கியது.

கூப்பிடாமலே. கோணாமல்.

ஓடினாள். அதற்குள் தரையில் மோதி நின்றுவிட்டது. உள்ளே கும்மிருட்டு. இரண்டு கையாலும் தட்டினாள். பஞ்சு மெத்தையைக் குத்தியதுபோல் இரும்பு சத்தமே போடவில்லை.

"சார்! உள்ளதான் இருக்கேன்! கடை தெறந்துதான் இருக்கு சார்!"

செருப்புச் சத்தம் வாசலுக்கு நேரே வந்து நின்றது.

"இவியளும் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாவ போலிருக்கு" என்று ஐயாதுரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேனா காகிதத்தில் கீறுவதுகூட அவளுக்குக் கேட்டது. அவள் அலறியது அவருக்குக் கேட்கவில்லை. செருப்பு திரும்பியது. படியிறங்கியது. தேய்ந்து போனது.

ஆண்டவரே, ஆண்டவரே. குனிந்தாள். தட்டுத் தடவி வலது முனையில் விரலைக் கொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு தடவை.

விரல்கடை உயரம் எழும்பியது. அந்த இடுக்கில் சாயங்கால வெளிச்சம் கோடாக உள்ளே வந்தது.

இடது முனையில், கடைக்கு உள்ளே, இரண்டு கைகள். ஷட்டரை அழுத்திப் பிடித்திருந்தன. அதுவும் அவளைப் போலவே குனிந்திருந்தது.

அவள் பார்க்கப் பார்க்க, அது நிமிரத் தொடங்கியது.